கல்லுக்கும்பி என்று எழுதலாமா?

வடமராட்சியில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, தேவையானதை மட்டும் தருகிறேன்.

"அக்கா, என்னுடைய அண்ணா கிளாஸ்கோவில் இருக்கிறார். லீவு கிடைத்தால் மலை ஏறப் போவார், போய் வந்ததை ஆங்கிலத்தில் ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருக்கிறார். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அவவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அதைத் தமிழில் ஒரு சின்னப் புத்தகமாக்கிக் கொடுக்க நினைக்கிறேன். அதில் 'கெயர்ன்' என்ற சொல் நாற்பது தடவைக்கு மேல் வருகிறது. மலையில் கல்லைக் குவித்து வைத்திருப்பதாம். நான் எல்லா இடத்திலும் 'கற்குவியல்' என்று போட்டேன். பிழை திருத்தித் தந்தவர், ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது, ஒத்த சொற்களை மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்று சொல்லி, சில இடத்தில் 'கல்லறை' என்றும் சில இடத்தில் 'கற்குப்பை' என்றும் தானே திருத்தியும் விட்டார். அம்மாவிடம் கேட்டால், 'அது கல்லுக்கும்பிதானே பிள்ளை' என்கிறா. அப்படி எழுத்தில் போடலாமா? இதற்குத் தமிழில் எத்தனை சொல் இருக்கிறது, எதை எங்கே போடுவது?"

தங்கச்சி, முதலில் ஒரு அவசர வேலை. 'கல்லறை' என்று மாற்றிய இடங்களை எல்லாம் இன்றைக்கே பழையபடி ஆக்குங்கள். கல்லறை என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் ஒரே பொருள்தான், ஆளைப் புதைத்து மேலே கட்டிய இடம். உங்கள் அண்ணா மழைப் புகாரில் வழி தெரியாமல் நின்று, தூரத்தில் ஒரு கெயர்னைக் கண்டு நிம்மதியானார் என்று எழுதியிருப்பார். அந்த இடத்தில் அம்மா 'தூரத்தில் ஒரு கல்லறையைக் கண்டு நிம்மதியானேன்' என்று வாசித்தால், பிறந்தநாள் அன்று இரவு அவவுக்கு நித்திரை வராது. இதைப் பகிடியாகச் சொல்லவில்லை. பிள்ளை தூரத்தில் இருக்கிற தாய்க்கு ஒரு சொல் என்ன செய்யும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

சரி, இனி உங்கள் கேள்வி. அம்மா சொன்னதுதான் சரி, தாராளமாக எழுதுங்கள். எழுத்து நடைக்கு 'கற்கும்பி' என்று புணர்த்தி எழுதலாம், எனக்கென்றால் 'கல்லுக்கும்பி' என்று பேசுகிற மாதிரியே விட்டாலும் குறையாகத் தெரியவில்லை. கும்பி என்பது எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கிற சொல். மண்கும்பி, மணற்கும்பி, உப்புக்கும்பி என்று சொல்கிறோம். லொறிக்காரர் கல்லைக் கொண்டுவந்து படலையடியில் பறித்துவிட்டுப் போனால் கிடப்பது கல்லுக்கும்பி. குவியல் என்பதும் நல்ல தமிழ்தான், ஆனால் அது பாடப்புத்தகத்தில் படித்த சொல். கும்பி என்பது கையால் தூக்கிப் போட்டவர்கள் சொன்ன சொல். உங்கள் அம்மா இரண்டாவது வகை ஆள் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. இந்தப் புத்தகத்தைத் தமிழ்நாட்டில் இருக்கிற யாருக்காவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அங்கே கும்பி என்றதும் முதலில் வயிறுதான் நினைவுக்கு வரும். 'கும்பி கூழுக்கு அழுகிறது, கொண்டை பூவுக்கு அழுகிறது' என்ற பழமொழியில் வருவது அந்தக் கும்பி. அப்படியான வாசகர்களுக்கு முதல் தடவை மட்டும் 'கல்லுக்கும்பி, அதாவது குவித்து வைத்த கற்கள்' என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும், பிறகு அவர்களும் பழகிவிடுவார்கள்.

நான் வலிகாமத்தில் பிறந்து வளர்ந்தவள். அந்தச் செம்மண்ணை மேலாகப் பார்த்தால் வளமாகத் தெரியும், ஆனால் கீழே சுண்ணக்கல் பாறை, சில இடத்தில் ஒரு முழம் தோண்டவே கல்லு இடிக்கும். அப்பா ஒரு துண்டுக் காணியைத் தோட்டமாக்க, நான் நினைவறிந்த நாளில் இருந்து வருடா வருடம் கல்லுக் கிளப்பினார். அலவாங்கால் நெம்புவார், பிக்கானால் உடைப்பார், அம்மாவும் நாங்களும் கடகத்தில் அள்ளிக் கொண்டுபோய் மூலையில் பூவரச மரத்தடியில் கொட்டுவோம். (அலவாங்கு என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுப்போனது. இன்றைக்கு அதைவிட ஊர்ச்சொல் வேறு இல்லை என்கிற மாதிரி ஆகிவிட்டது.) அந்த மூலைதான் எங்கள் வீட்டுக் கல்லுக்கும்பி. மிளகாயும் வெங்காயமும் எத்தனை போகம் வந்து போனதோ, அந்தக் கும்பி மட்டும் குறையவே இல்லை. கிணற்றுக் கட்டுக்கு அதில் இருந்து எடுத்தோம், மாட்டுக்கொட்டிலுக்கு அத்திவாரம் போடும்போது எடுத்தோம், அடுத்த மாரிக்குப் பிறகு திரும்ப அதே உயரத்துக்கு வந்துவிட்டது. அதற்குள் கை விடக்கூடாது, பாம்பு படுத்திருக்கும் என்பதுதான் நான் கேட்ட முதல் கண்டிப்பு. கும்பி என்ற ஒரு சொல்லைக் கேட்டால் எனக்கு இவ்வளவும் வரும். கற்குவியல் என்றால் வெறும் கற்குவியல்தான்.

உங்கள் பிழை திருத்துனர் கேட்ட 'மாற்றி மாற்றி' விடயத்துக்கு வருகிறேன், எனக்கு மனத்தாங்கல் அங்கேதான். ஒத்த சொல்லைத் தேடித் தேடிப் பொறுக்குகிற பழக்கம் எங்களுக்கு நிகண்டில் இருந்து வந்தது. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று எல்லாம் ஒரு பொருளுக்குப் பல பெயரை வரிசையாக அடுக்கித் தருபவை, எங்கள் நாவலர் 1849இல் சென்னையில் அச்சுக்குக் கொடுத்த முதல் நூல்களில் ஒன்றே சூடாமணி நிகண்டின் உரைதான். அந்த அடுக்கு யாருக்காக? செய்யுள் எழுதுகிறவனுக்காக. எதுகைக்கு ஒரு சொல், மோனைக்கு ஒரு சொல், சீர் நிரம்ப ஒரு சொல் வேண்டும் அவனுக்கு. மலையில் வழி தேடிப் போகிற ஒருவரின் உரைநடைக்கு அந்தத் தேவையே கிடையாது. நாற்பது தடவை கெயர்ன் வந்தால் நாற்பது தடவையும் கும்பி வரட்டும். சொல்லை மாற்றினால் வாசிக்கிறவர், இது வேறு ஏதோ ஒன்றாக்கும் என்று நினைப்பார், அப்படி நினைப்பது அவரின் பிழையும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அந்த நாற்பதும் உண்மையில் ஒரே பொருள்தானா? அங்கேதான் உங்களுக்கு வேலை இருக்கிறது. கெயர்ன் என்பது ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழியில் 'கார்ன்' என்ற சொல்லில் இருந்து ஆங்கிலத்துக்குப் போனது, கற்களைக் குவித்தது எதுவானாலும் அவர்களுக்கு அந்த ஒரே சொல்தான். வழி காட்டக் குவித்ததும் அது, மலை உச்சியில் குவித்ததும் அது, நாலாயிரம் வருடத்துக்கு முன் இறந்தவர்களுக்கு மேல் குவித்ததும் அது. தமிழ் அப்படி இல்லை. இங்கே எது குவிகிறது, ஏன் குவிகிறது என்று பார்த்துத்தான் பெயர். வைக்கோலைக் குவித்தால் போர் அல்லது பட்டடை, வெட்டிய நெற்கதிரைக் குவித்தால் சூடு, தூற்றிய தானியத்தைக் குவித்தால் அம்பாரம், பொன்னையும் மணியையும் குவித்தால் புலவர் வாயில் குவை. ஆகவே அண்ணாவின் கொப்பியை எடுத்து ஒவ்வொரு கெயர்னுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதுங்கள்: இதைக் குவித்தவர் யார், அடியில் என்ன இருக்கிறது? அதற்குப் பதில் கிடைத்தால் சொல்லும் கிடைத்துவிடும்.

நாற்பதில் பெரும்பாலானவை வழிக்கும்பிகளாகத்தான் இருக்கும். பென் நெவிஸ் போனதை எழுதியிருக்கிறார் என்று சொன்னீர்கள். அதன் உயரம் 1345 மீற்றர், பிரித்தானியாவிலேயே பெரிய மலை. எங்கள் பீதுருதாலகாலையின் 2524 மீற்றரோடு பார்த்தால் சிறியதாகத் தெரியும், ஆனால் அதன் உச்சி பெரும்பாலும் புகாருக்குள் இருக்கும், ஓரம் செங்குத்தாக விழும், ஆகவே இறங்குகிற பாதை நெடுகக் கும்பி குவித்து அடையாளம் வைத்திருக்கிறார்கள். ஒன்றடியில் நின்று அடுத்ததைத் தேடிப் பிடித்து நடப்பது. முதல் தடவை 'வழிகாட்டிக் கல்லுக்கும்பி' என்று எழுதுங்கள், பிறகு வெறும் கும்பி போதும். மலையே இல்லாத ஊரில் இருந்து (கீரிமலையில் கூடப் பெயரில்தானே மலை இருக்கிறது) வாசிக்கிற அம்மாவுக்கு இன்னும் ஒரு வசனம் சேர்த்துக் கொடுங்கள்: எங்களுக்குத் தெருவோரச் சுமைதாங்கி மாதிரி, அவர்களுக்கு மலையில் இது. சுமைதாங்கி குவியல் அல்ல, கட்டியது, எனக்குத் தெரியும். ஆனால் முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்காக யாரோ செய்துவைத்தது என்ற இடத்தில் இரண்டும் ஒன்றுதான்.

சுற்றுலாப் போகிறவர்கள் படம் எடுக்க விளையாட்டாக அடுக்கி விடுகிற சின்னக் கும்பிகளும் கொப்பியில் வருமென்றால், அவற்றுக்கு 'கல்லடுக்கு' என்று தனிச்சொல் கொடுத்துவிடுங்கள். அவற்றை நம்பி நடந்தால் வழி தவறும், ஆகவே வாசிப்பவர் இரண்டையும் குழப்பக்கூடாது.

இன்வெர்னெஸ் பக்கத்தில் கிளாவா என்ற இடத்துக் கெயர்ன்கள் வேறு சங்கதி. அவை ஏறத்தாழ நாலாயிரம் வருடப் பழமையான ஈமச் சின்னங்கள், வட்டமாகக் கல்லைக் குவித்து, சுற்றிவர நெடுங்கற்களை நட்டிருக்கிறார்கள். இதற்குத் தொல்லியலாளர் தமிழில் புழங்குகிற சொல் 'கற்குவை'. அதையே போடுங்கள். இந்த இடத்தில் பழந்தமிழ் படித்த யாராவது வந்து 'பதுக்கை' என்று போடச் சொல்லுவார்கள். அழகான சொல்தான், அதன் கதையைச் சொல்கிறேன், ஆனால் கிளாவாவுக்கு அது வேண்டாம்.

பதுக்கு என்றால் ஒளித்து வை. ஒளித்து மூடிய குவியல் பதுக்கை. பாலை வழியில் ஆறலை கள்வரின் அம்பு பட்டு விழுந்தவர்களுக்கு எடுத்துக் கொண்டுபோய்ச் செய்வதற்கு யாரும் இல்லை, ஆகவே அந்த இடத்திலேயே கிடந்ததைப் போட்டு மூடினார்கள். புறநானூற்றின் மூன்றாம் பாட்டில் 'அம்பு விட வீழ்ந்தோர் வம்பப் பதுக்கை' என்று வருகிறது. வம்பு என்றால் புதிது, நேற்றோ முந்தநாளோ விழுந்தவனுடையது, அதன் மேல் பருந்து உட்கார்ந்திருக்கிறது. குறுந்தொகையில் 'வம்பலர் உவலைப் பதுக்கை', உவலை என்றால் இலை தழை, அந்தக் குவியல் யானைக்கு நிழலாக நிற்கிறதாம். பார்த்தீர்களா, தழையைக் குவித்தாலும் பதுக்கைதான். மூடுவதுதான் முக்கியம், கல் இரண்டாம் பட்சம். பிறகு புறநானூறு 264இல் பரல் கிடக்கிற மேட்டில் பதுக்கை சேர்த்து, பூவும் மயிற்பீலியும் சூட்டி, பெயர் பொறித்துக் கல் நடுகிறார்கள். பதுக்கை வேறு, நடுகல் வேறு, இரண்டும் அடுத்தடுத்து நிற்கலாம் என்பது அந்தப் பாட்டிலேயே தெளிவாக இருக்கிறது. எனக்கு இந்த வரிகளை எத்தனை தடவை வாசித்தாலும் தொண்டை அடைக்கும். வழியில் விழுந்து, பெயர் தெரியாமல், கிடந்ததைப் போட்டு மூடப்பட்டவர்கள் எங்களுக்கு இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய விடயம் மட்டும் அல்லவே.

கிளாவாவுக்கு ஏன் வேண்டாம் என்றால், இன்றைய தொல்லியலில் 'கற்பதுக்கை' என்பது நிலத்துக்குள் பலகைக் கற்களால் பெட்டி மாதிரிச் செய்த ஈமக்குழிக்குப் பெயராகிவிட்டது. நிலத்துக்கு மேலே பலகைக் கல் நிறுத்தி மூடியது கல்திட்டை, சுற்றிவரக் கல் வைத்தது கல்வட்டம், குவித்தது கற்குவை. துறை சார்ந்தவர்கள் ஒரு சொல்லை ஒரு பொருளுக்கு ஒதுக்கிவிட்டால் அதை நாங்கள் அழகுக்காக இடம் மாற்றக்கூடாது.

குலோடன் போர்க்களத்து நினைவுக் கெயர்ன் மூன்றாவது வகை. போர் நடந்தது 1746இல், அந்தக் கெயர்ன் எழுப்பியது 1881இல், இருபது அடி உயரம், வட்டமாகக் கோபுரம் மாதிரிக் கல்லை அடுக்கிக் கட்டியது. பெயர் கெயர்ன் என்றாலும் அதைக் கும்பி என்றால் பார்த்தவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 'நினைவுத்தூபி' என்று எழுதுங்கள். அந்தச் சொல் எங்கள் மண்ணில் என்ன பாரம் சுமக்கிறது என்று உங்களுக்கும் அம்மாவுக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

'கற்குப்பை' பற்றி ஒரு வார்த்தை. திருத்தியவர் பழந்தமிழில் குப்பை என்றால் குவியல் என்று எங்கோ படித்திருக்கிறார், அது உண்மையும்தான். அகநானூற்றில் ஒரு பெண் 'உப்பின் குப்பை ஏறி' நின்று, பொழுதுபடக் கரைக்கு வருகிற திமில்களை எண்ணுகிறாள், அது எங்கள் உப்புக்கும்பியேதான். ஆனால் இன்றைக்குக் குப்பை என்றால் கூட்டித் தள்ளுவது. ஒரு சொல்லுக்கு முன்பு என்ன பொருள் இருந்தது என்பதைக் காட்டி இப்போது வாசிக்கிறவரை வருத்தக்கூடாது. எடுத்துவிடுங்கள்.

அகராதியும் கேட்டிருந்தீர்கள். பழைய சொல்லின் தடம் பார்க்க 1842இல் வந்த யாழ்ப்பாண அகராதியும், 1862இல் வந்த வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதியும் கையில் இருக்கட்டும். வின்சுலோவினுடையது சென்னையில் அச்சானாலும் அதற்கான வேலையை நைற் பாதிரியார் தொடங்கியது யாழ்ப்பாணத்தில்தான், ஆகவே எங்கள் பேச்சுச் சொற்கள் அதில் நிறையக் கிடக்கும்.

சொல் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு என் அனுபவம் ஒன்று. மொழிபெயர்ப்புத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு காணி வழக்குக்காக ஆங்கில ஆவணம் ஒன்றைத் தமிழாக்கினேன். வடகிழக்கு மூலையில் கற்குவியல் என்று இருந்ததை, எல்லை சொல்கிற இடம்தானே என்று 'எல்லைக்கல்' என்று எழுதிவிட்டேன். அளக்க வந்தவர் நட்ட கல்லைத் தேடினார், கல் இல்லை. எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது. கும்பி அங்கேதான் கிடந்தது, பற்றை மூடி. ஒரு தவணை முழுக்க அதற்கே போனது, அந்தக் குடும்பம் வந்துபோன பஸ் காசு என் மனதில் இன்னும் நிற்கிறது. எல்லைக்கல் நட்டது, நகராது. கும்பி குவித்தது, ஆள் நினைத்தால் நகர்த்தலாம். அந்த வேறுபாட்டில் ஒரு காணியே போகலாம்.

வேதாகமத்தில் யாக்கோபும் லாபானும் கல்லைக் குவித்து எல்லை வைத்துக்கொண்ட கதை இருக்கிறது. லாபான் தன் மொழியில் ஒரு பெயர் வைத்தான், யாக்கோபு தன் மொழியில் ஒரு பெயர் வைத்தான், இரண்டுக்கும் பொருள் சாட்சிக் குவியல். ஒரே கும்பிக்கு இரண்டு மொழியில் இரண்டு பெயர், ஆனால் இரண்டு பேரும் அது எதற்காகக் குவிந்தது என்பதை விடவில்லை. உங்கள் வேலையும் கிட்டத்தட்ட அதுதான்.

கடைசியாக, கடிதத்தின் அடியில் தனியாகக் கேட்ட அந்த வசனம். கேலிக் மக்கள் சொல்வார்கள், 'உன் கெயர்னில் நான் ஒரு கல் வைப்பேன்' என்று, உன்னை மறக்கமாட்டேன் என்று பொருள். அண்ணா அதைக் கொப்பியின் முடிவில் அப்பாவை நினைத்து எழுதியிருக்கிறார் என்றீர்கள். நீங்கள் 'உங்கள் கற்குவியலில் ஒரு கல்லைப் போடுவேன்' என்று தமிழாக்கியிருக்கிறீர்கள். 'போடுவேன்' வேண்டாம் தங்கச்சி. தலையில் கல்லைப் போடுவது, வயிற்றில் கல்லைப் போடுவது என்று கல்லைப் போடுகிற எதுவும் தமிழில் நல்லதாக இல்லை. 'வைப்பேன்' என்றால் கல் மெதுவாக இறங்கும். கெயர்னுக்கு இந்த ஒரு இடத்தில் மட்டும் பதுக்கையைப் பாவியுங்கள். வழியில் யாரோ ஒருவருக்காகக் குவித்தது என்ற அந்தப் பழைய பொருள் முழுதாகப் பொருந்துகிற இடம் இதுதான், அதுவரை கும்பி கும்பியென்று வாசித்து வந்த அம்மா இந்தப் புதுச் சொல்லில் கொஞ்சம் நிற்பா, நிற்கட்டும். முன்னால் ஒரு வரியில் அந்த வழக்கத்தைச் சொல்லிவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள்:

'அப்பா, எந்த மலையில் ஏறினாலும் உங்கள் பதுக்கையில் ஒரு கல் வைத்துவிட்டுத்தான் இறங்குவேன்.'